வெள்ளிக்கிழமைகளில் திறந்து கிடந்த அறைகள்

புங்குடுதீவில் ஒன்பது வீடுகளின் பூட்டுத் திறப்புகள் என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் கனடாவிலும் பிரான்சிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒவ்வொரு வீடாகத் திறந்து, சாமியறையைக் கூட்டி, விளக்கு வைத்து, அதைக் கைபேசியில் அரை நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புவது என் வேலை. ஆளில்லாத வீடென்றாலும் வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு எரியவேண்டும் என்பதில் எங்கள் பக்கத்துக்காரர் பிடிவாதமானவர்கள். பனி கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு அந்தச் சுடரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையோடு, முற்றத்தில் பற்றை வளர்ந்து கிடக்கிறதே, அக்கா கவனிக்கவில்லையா என்று குறையும் கேட்பார்கள்.

ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு திறப்புகள். வாசலுக்கு ஒன்று, சாமியறைக்கு ஒன்று, மற்றவை உள்ளறைகளுக்கு. உள்ளறைகளில் கட்டில், அலுமாரி, கலியாணப் படங்கள் எல்லாம் வெள்ளைத்துணி போர்த்துக் கிடக்கும். யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் மட்டும் அவற்றைத் திறப்பேன். எந்தத் திறப்பிலும் நான் பெயர்ச்சீட்டுக் கட்டியதில்லை. சீட்டுக் கட்டினால், கொத்துத் தொலைந்தால் எடுத்தவனுக்கு வீடு தெரிந்துவிடும் என்று வெளியில் காரணம் சொல்வேன். உண்மையில் அது என் திமிர். இருட்டில் தடவிப் பார்த்தே எது எந்த வீட்டுத் திறப்பு என்று சொல்லக்கூடியவள் நான். சீட்டு மறதிக்காரருக்கு.

அதே கொத்தில் என் சொந்த வீட்டுத் திறப்புகளும் உண்டு. அவற்றில் சின்னதொரு பித்தளைத் திறப்பு, சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில் தொங்கும் ஆமைப்பூட்டுக்கு உரியது. அந்த அறையில் என் அம்மா இருந்தார். அம்மாவுக்கு ஐம்பத்துமூன்று வயதில் சொற்கள் தவறத் தொடங்கின. பிறகு நாள் கிழமை தவறியது. பிறகு நாங்கள் யாரென்பது தவறியது. அப்பா செத்து, தங்கை கலியாணம் கட்டி லண்டன் போய், வீட்டில் நானும் அம்மாவும் மிஞ்சினோம். நான் கலியாணம் கட்டவில்லை. அதில் கதை ஒன்றும் இல்லை. வெளியில் விட்டால் அம்மா கடற்கரைப் பக்கம் நடந்து போய்விடுவார். அதனால் விளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் அவரை அந்த அறையில் விட்டு வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போனேன். இரண்டு மணித்தியாலம்தானே, அவர் அந்த நேரம் நித்திரை கொள்ளுவார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அம்மா இறந்து ஏழு வருடமாகிறது. அந்த அறையைத் துப்புரவாக்கிப் பூட்டியதோடு சரி, பிறகு நான் திறக்கவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் மாதவிலக்கு நின்றது. நின்றது நல்லது என்றுதான் நினைத்தேன். பிறகு வெக்கை தொடங்கியது. இருந்தாற்போல் நெஞ்சிலிருந்து நெருப்புக் கிளம்பித் தலைக்கு ஏறும். அடுத்த நிமிடம் சட்டை தொப்பமாக நனைந்து உடம்பு குளிரும். இரவில் நாலைந்து தரம் எழும்பி உடுப்பு மாற்றுவேன். இதெல்லாம் பெண்களுக்கு வருவதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் ஒருநாள் கடையில் போய் நின்றுகொண்டு, என்ன வாங்க வந்தேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்தக் காய் நிற்கிறது, பெயர் வரவில்லை.

"உந்த... பச்சையா, புளிக்கிறது..." என்றேன்.

"மாங்காயோ அக்கா?" என்றான் கடைக்காரன்.

அவன் கூடைக்குள் கையைவிட்டுத் தேடிக்கொண்டு நிற்க நான் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். வாசற்படியில் கால் வைக்கும்போது தேசிக்காய் என்ற சொல் வந்தது. வந்து என்ன பயன். அந்தக் கிழமையே ஒரு வீட்டு வாசலில் நின்று, ஏழு திறப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எட்டாவது திறந்தது. அம்மாவுக்குத் தொடங்கிய விதமும் இதுதான், வயதும் ஏறக்குறைய இதுதான். அம்மாவைப் பூட்டி வைக்க நானாவது இருந்தேன். எனக்கு அந்த நிலை வந்தால் பூட்டி வைக்கவும் ஒருத்தருமில்லை. இந்தப் பயம் வந்த பிறகு எனக்கு வெக்கை ஒரு பொருட்டே இல்லை.

மண்கும்பானில் ஒரு பரியாரியார் இருக்கிறார். பஸ் ஏறிப் போய்க் காட்டினேன். நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடியபடி இருந்தார்.

"பிள்ளை, இது வருத்தமில்லை, வயசு. சூடு தலையில ஏறி நிக்குது. இறக்கிவிட்டால் ஞாபகம் தன்பாட்டில திரும்பும்," என்றார்.

தண்ணீர்விட்டான் கிழங்கும் அசோகம்பட்டையும் இன்னும் ஐந்தாறு சரக்கும் சேர்த்துக் குடிநீர்ப் பொட்டலம் கட்டித் தந்தார். காலையில் வெறும் வயிற்றில் வல்லாரை மெல்லச் சொன்னார். மெல்லாத நாளில்லை. என் பல்லெல்லாம் பச்சை.

இதைத் தொலைபேசியில் கேட்ட தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் என்னிலும் மூன்று வயது இளையவள், அவளுக்கும் இதே கரைச்சல் முன்னமே வந்து போயிருந்தது.

"அக்கா, உந்த இலை குழையெல்லாம் விட்டிட்டு நான் போடுறதைப் போடு. ஹோர்மோன். ஒட்டு மருந்து ஒண்டு, குளிசை ஒண்டு. எனக்கு மூளை புதுசா வந்தமாதிரி இருக்கு."

"அதுக்கு டொக்டரிட்டக் காட்ட வேணுமெல்லோ?"

"எனக்கு டொக்டர் பாத்துத் தந்தவர்தானே. நீயும் நானும் ஒரு வயித்துப் பிள்ளையள்."

நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள். ஆனால் எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த, தங்கையின் புருஷனுடைய ஒன்றுவிட்ட அக்காவிடம் மருந்தைக் கொடுத்துவிட்டாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவருவதில்லை. பெட்டி இடத்தை அடைக்கும் என்று கிழித்து எறிந்துவிடுவார்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கக் கடதாசியும் அதோடு போய்விடும். வெறும் குளிசை அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, சட்டைகளுக்கு நடுவில் செருகி வருவார்கள். மிச்சம் பிடித்த இடத்தில் சொக்கலேற் வரும். அந்த அக்காவும் அப்படித்தான் ஒரு பையை என் கையில் தந்தார். உள்ளே ஒட்டு மருந்து ஒரு கட்டு, குளிசை அட்டை ஒரு கட்டு. அட்டையின் பின்புறம் ஆங்கிலத்தில் ஏதோ பெயர். வாசித்தேன், வாயில் நுழையவில்லை.

தங்கை குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "ஒட்டு கிழமைக்கு ரெண்டு தரம், இடுப்புக்குக் கீழ ஒட்டு. குளிசை இரவைக்குப் படுக்கேக்க ஒண்டு. நித்திரை தூக்கும், பயப்பிடாத."

இரவில் என்ன போட்டாலும் நான் வியர்வையில் எழும்பத்தான் போகிறேன், எனக்குக் கிடைக்கிற நித்திரை மத்தியானத்தில் கிடைக்கிற கொஞ்சம்தான். அதையாவது ஒழுங்காகக் கொள்ளுவோம் என்று குளிசையை மத்தியானத்துக்கு மாற்றினேன். ஒருத்தரையும் கேட்கவில்லை. குடிநீரையும் விடவில்லை. பரியாரியார் அடுத்த முறை, "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீரோ?" என்று கேட்டபோது, இல்லை என்றேன். தங்கை குடிநீரை நிறுத்திவிட்டாயா என்று கேட்டபோது, ஓம் என்றேன். இரண்டு பேரையும் மனம் நோகவைக்காமல் இருவரின் மருந்தையும் விழுங்கினேன்.

சொல்லி வைத்தாற்போல் சுகம் தெரிந்தது. வெக்கை குறைந்தது. மத்தியானம் குளிசையைப் போட்டுப் பாயில் சரிந்தால் அடித்துப் போட்டமாதிரி நித்திரை. பின்னேரம் எழும்பும்போது உடம்பு பஞ்சாக இருந்தது. கடைக்குப் போய்த் தேசிக்காய் என்று சத்தமாகக் கேட்டு வாங்கினேன்.

மூன்றாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒன்பது வீட்டுக்கும் விளக்கு வைத்த பிறகுதான் நான் வாயில் சோறு வைப்பது.

"அக்கா, எங்கட படுக்கையறை ஏன் துறந்து கிடக்கு? ஆரும் வந்தவையோ?"

நான் அனுப்பிய வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். சுடர் நிற்கிறது. சுடருக்குப் பின்னால் நீள விறாந்தை. அதன் முடிவில், எப்போதும் பூட்டியிருக்கும் அறைக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கறுப்பு. எடுத்தவள் நான். எடுக்கும்போது அது என் கண்ணில் படவேயில்லை.

அடுத்த நாள் காலை சைக்கிளில் போனேன். வாசல் பூட்டு பூட்டியபடி இருந்தது. அறை திறந்தபடி இருந்தது. ஒன்றும் களவு போகவில்லை. கட்டில் துணி கலையவில்லை. விறாந்தையில் இருந்த கதிரை ஒன்றை யாரோ இழுத்து வந்து அறை வாசலில் வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஓராள் நடந்து வந்தால் தடுமாறாமல் உட்காரத்தக்கதாக வைத்திருந்தார்கள். கதிரைக் காலடியில் ஒரு கிளாஸ் தண்ணீர். நிரம்பத் தண்ணீர், மேலே ஓர் எறும்பு மிதந்தது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். மாதக்கணக்காகத் தொடாத கயிறு முறுக்கிய இடத்தில் ஈரமாக இருந்தது.

தண்ணீர் வார்த்து வைத்துவிட்டுப் போகிற கள்ளனை நான் கேள்விப்பட்டதில்லை. அறையைப் பூட்டி, கனடாவுக்கு, கதவு காற்றுக்குத் திறந்திருக்கும் தங்கச்சி, நான் பூட்டிவிட்டேன் என்று எழுதினேன். ஆமைப்பூட்டு காற்றுக்குத் திறக்காது என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரான்சுக்காரரின் வீடு. கதிரை, தண்ணீர். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வீடுகள். பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். அந்த நாட்களில் சிரிப்பு வரவில்லை. பட்டப்பகலில், பனை ஓலைகள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிற ஒழுங்கையில், அடுத்த வீட்டுப் படலையைத் தள்ள எனக்குக் கை வரவில்லை. உள்ளே எந்தக் கதிரை எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற எண்ணம்தான். மற்ற நாட்களிலும் இது நடக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் வீடியோ இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு வேலை செய்தேன். வியாழக்கிழமை காலையில் ஒன்பது வீட்டு உள்ளறைக் கதவுகளுக்கும் குறுக்கே கறுப்பு நூல் கட்டினேன். யார் திறந்தாலும் அறுந்து விழும். சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தபோது, இறுப்பிட்டியில் இருக்கிற வீட்டில் நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்த்திருந்தது. அவிழ்த்த நூலை விரயம் பண்ணாமல் இரண்டு விரலில் எட்டுப்போலச் சுற்றி, நுனியை நடுவில் செருகி, கதிரைக் கைபிடியில் வைத்திருந்தது. அப்படி நூல் சுற்றுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். நான்.

நான் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. நிலத்தில் குந்திக்கொண்டேன். முதல்நாள் பின்னேரத்தை நினைத்துப் பார்த்தேன். எழும்பியது, முகம் கழுவியது, சைக்கிள் எடுத்தது, விளக்கு வைத்தது எல்லாம் வரிசையாக நினைவு வந்தது. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன். ஆனால் எந்த வீட்டில் எண்ணெய் முடிந்திருந்தது, எந்தச் சந்தியில் மாடு மறித்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், பழைய வெள்ளிக்கிழமையை எடுத்து என் தலை புதிய வெள்ளிக்கிழமைக்குப் போட்டிருக்கிறது. அம்மாவும் இப்படித்தான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தயங்காமல் புட்டு என்பார். அந்தப் புட்டு இருபது வருடத்துக்கு முந்தியது.

கைபேசியில் இடமில்லை என்று எழுத்து வந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் பழையவற்றை அழிக்க உட்கார்ந்தபோது, நான் யாருக்கும் அனுப்பாத வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. முதல்நாள் எடுத்தது. இருபத்தாறு நிமிடம். விளக்கைப் படம் பிடித்துவிட்டு நிறுத்த மறந்திருக்கிறேன். கைபேசி கையில் தொங்க, நிலமும் என் செருப்புக் காலும் மட்டும் தெரிகின்றன. திறப்புக் கொத்துக் குலுங்குகிறது. என் குரல் கேட்கிறது.

"இருங்கோ அம்மா, வாறன். கொஞ்சம் பொறுங்கோ. துறக்கிறன்."

பூட்டு கழலுகிறது. கதவு முனகுகிறது.

"துறந்திட்டன். இனி வெளியில வாங்கோ. மெல்ல, மெல்ல. இஞ்சை கதிரை போட்டிருக்கு. இருங்கோ. தண்ணி குடிக்கிறீங்களோ?"

பிறகு ஒரு மௌனம். ஓராள் மறுமொழி சொல்லி முடிக்கிற அளவு மௌனம். அதற்குப் பிறகு நான் சிரிக்கிறேன்.

"ஓம், ஓம். இனிப் பூட்டமாட்டன்."

அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை. கைபேசியைக் கவிழ்த்துப் போட்டேன். நான் பயந்தது அந்த மௌனத்துக்கு மட்டுமல்ல. அந்தக் குரலுக்கும்தான். அவ்வளவு பொறுமையான, கனிந்த குரல். அந்தக் குரலில் நான் உயிரோடிருந்த அம்மாவோடு ஒருநாளும் பேசியதில்லை. "உள்ள போங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்பதுதான் நான் அவரோடு பேசிய குரல்.

தங்கைக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன். குடிநீரை விடவில்லை என்ற உண்மையும் அப்போதுதான் வெளியே வந்தது. "அதுக்குள்ள என்ன மண்ணாங்கட்டியைப் போட்டாரோ, உடன நிப்பாட்டு," என்று கத்தினாள். பரியாரியாரிடம் போனேன். ஒட்டு மருந்தை அவருக்குச் சொன்னேன், குளிசைக் கதையைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ரை மருந்து ஐம்பது வருசமா ஒருத்தரையும் விசராக்கேல்லை. உம்மடை தோலில ஒட்டியிருக்கிறதைக் கேளும்," என்றார். தங்கை சொன்னபடி குடிநீரை நிறுத்தினேன். குளிசையை நிறுத்தவில்லை. அந்த நித்திரையை விட எனக்கு மனமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பது வீட்டிலும் உள்ளறைகள் பூட்டியபடி இருந்தன. சனிக்கிழமை காலை அதைப் போய்ப் பார்த்து, ஆறுதலோடு வீடு திரும்பினேன். முதல்நாள் இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டதால், குசினிக்குள் போகும்போதுதான் கண்டேன். என் வீட்டுக் கதிரை அம்மாவின் அறைக்கு முன்னால் இருந்தது. பூட்டிய கதவைப் பார்த்தபடி. பக்கத்தில் நிலத்தில் தண்ணீர்க் கிளாஸ். அதில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

மிச்சத்தை நான்தான் குடித்திருப்பேன். வேறு யார் குடிப்பது. ஆனால் அன்று முழுக்க நான் குசினிக்குள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடதாசியைச் சின்னச் சின்னதாக வெட்டி, வீட்டுக்காரரின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு திறப்பிலும் கட்டினேன். வாழ்க்கையில் முதல் முறை. அழுதுகொண்டே கட்டினேன். கொத்தை இன்னொருத்தரின் கையில் ஒப்படைக்கிற நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு பெண் டொக்டரைப் பார்த்தேன். என் தங்கையின் மகள் வயதிருக்கும். கதிரையில் இருக்க முன்னமே, "எனக்கு என்ரை அம்மான்ரை வருத்தம் வந்திட்டுது," என்றேன்.

அவள் மூன்று சொற்களைத் தந்து நினைவில் வைத்திருக்கச் சொன்னாள். தேசிக்காய், வள்ளம், மணிக்கூடு. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். வட்டம் கீறி மணி பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னாள். எல்லாம் செய்தேன்.

"என்ன மருந்து பாவிக்கிறீங்கள்?"

"ஒண்டும் இல்லை," என்றேன், பழக்கதோசத்தில். அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பையை எடுத்து மேசையில் கொட்டினேன். அவள் குளிசை அட்டையைத் திருப்பிப் பின்புறத்துப் பெயரை வாசித்தாள்.

"இதை ஆர் தந்தது? இது ஹோர்மோன் இல்லை. நித்திரைக் குளிசை. எப்ப போடுறனீங்கள்?"

"மத்தியானம். வெள்ளிக்கிழமையில வெறும் வயித்தோட."

குடிநீரையும், கதவு, கதிரை, கிணற்றுத் தண்ணீர்க் கதையையும் சொன்னேன். அவள் தன் தலையில் கை வைத்தாள். "சில பேர் இதைப் போட்டிட்டுப் படுத்தால் எழும்பி நடப்பினம், சமைப்பினம், கதைப்பினம். கண் துறந்துதான் இருக்கும். பிறகு ஒண்டும் ஞாபகம் இராது. நீங்கள் சைக்கிளும் ஓடியிருக்கிறீங்கள். கிணத்தில தண்ணியும் அள்ளியிருக்கிறீங்கள். விழாமல் தப்பினது புண்ணியம்." கர்ப்பப்பை உள்ள பெண் அந்த ஒட்டைத் தனியே போடக்கூடாது, மற்ற ஹோர்மோனும் சேரவேண்டும் என்று அதற்கும் தனியாக ஏச்சு விழுந்தது. ஸ்கான் பண்ணிப் பார்த்துத்தான் மேலே மருந்து என்றாள்.

"அப்ப என்ரை மூளை?"

"இந்த வயசில சொல் தவறுறது கனபேருக்கு வாறது. கூடுதலா அது பிறகு தெளியும். வெக்கை குறைஞ்சு நித்திரை வந்தால் இன்னும் சுகம். ஆனால் அம்மான்ரை வருத்தத்தை ஹோர்மோன் தடுக்குமெண்டு நான் சொல்லமாட்டன், அப்பிடி நினைச்சுப் போடவும் வேண்டாம். குடிநீரில என்னென்ன சரக்கு எண்டு கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ, தெரியாமல் நல்லது கூடாது எண்டு சொல்ல எனக்கு ஏலாது. சரி, அந்த மூண்டு சொல்லும்?"

"தேசிக்காய், வள்ளம், மணிக்கூடு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "குளிசை எண்டால் சரி பிள்ளை. ஆனால் நான் ஏன் கதவுகளைத் துறந்தனான்? ஏன் அம்மாவைக் கூப்பிட்டனான்?"

"குளிசை மறக்கத்தான் பண்ணும்," என்றாள். "ஆரைக் கூப்பிட வேணுமெண்டு அதுக்குத் தெரியாது."

பஸ் நிலையத்திலிருந்து தங்கைக்கு எடுத்தேன். அவள் அந்த ஒன்றுவிட்ட அக்காவுக்கு எடுத்தாள். பஸ் வருவதற்குள் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த அக்கா பிளேனில் வந்த களைப்புக்கென்று தன் நித்திரைக் குளிசையையும் பெட்டி கிழித்து, அதேபோல் ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். பிரித்துத் தரும்போது கட்டு மாறிவிட்டது. லண்டன் திரும்பியும் நித்திரை சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, ஐந்து கிழமையாக என் ஹோர்மோனை விழுங்கிக்கொண்டிருந்தாராம். அறுபத்தெட்டு வயதில். இதைக் கேட்டுப் பஸ் நிலையத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப்போய் நின்றாள்.

வீட்டுக்கு வரும்போது பின்னேரம் மூன்றுமணி. குளிசை போடவில்லை, தலை கழுவிவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, நான் அம்மாவின் வழியில் போகவில்லை, இன்றைக்காவது போகவில்லை. சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் கைபேசியை எடுத்து, பாதியில் நிறுத்திய வீடியோவை மிச்சமும் பார்த்தேன்.

இறுப்பிட்டி வீட்டைப் பூட்டுகிறேன். கைபேசி சைக்கிள் கூடைக்குள் போகிறது. அதன் பிறகு நெடுநேரம் வானமும் கம்பிகளும், சங்கிலிச் சத்தமும், காற்றும். படலை திறக்கிறது, கைபேசி திரும்ப என் கைக்கு வருகிறது. என் வீட்டுச் சுவர் தெரிகிறது. அம்மாவின் அறையின் பச்சைக் கதவு வருகிறது, அதில் ஆமைப்பூட்டு. படம் அசையாமல் அதிலேயே நிற்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறது. பிறகு அந்தக் கனிந்த குரல் வருகிறது.

"இது மட்டும் என்னால ஏலாதம்மா."

அதோடு வீடியோ முடிகிறது.

திறப்புக் கொத்தை எடுத்தேன். பித்தளைத் திறப்பில் மட்டும் நான் சீட்டுக் கட்டியிருக்கவில்லை. உப்புக் காற்றில் பூட்டு இறுகிப்போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். கழன்றது. கதவைத் தள்ளி உள்ளே போய் யன்னலைத் திறந்தேன். வெறும் கட்டில். ஒரு பல்லி. அவ்வளவுதான். பெருமூச்சு விட்டுத் திரும்பியபோதுதான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் பச்சை வர்ணம் அடித்திருந்தது. உள்பக்கத்தில், என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு இடத்தில் வர்ணம் இல்லை. மரம் தெரிந்தது. கீறலில்லை, அடித்த தழும்பில்லை. கை வைத்து வைத்து, தடவித் தடவித் தேய்ந்து மினுமினுப்பாக இருந்தது. அம்மா இறந்த வாரம் இந்த அறையைக் கூட்டிக் கழுவியவள் நான்தான். அப்போது கதவு திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது, நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

என் உள்ளங்கைகளை அதில் வைத்தேன். பொருந்தின. அம்மா கடைசிக் காலத்தில் எவ்வளவு கூனிப்போயிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் நித்திரை கொள்ளவில்லை. ஒருநாளும் கொள்ளவில்லை. நான் விளக்கு வைத்து முடித்து வரும் வரைக்கும் இதில்தான் நின்றிருக்கிறார்.

நினைவு திரும்ப வேண்டும் என்று ஊரிலுள்ள மருந்தெல்லாம் குடித்தவள் நான். திரும்பிவிட்டது. நான் பூட்டைப் போடும்போது உள்ளேயிருந்து, "பிள்ளை, நானும் வாறன்," என்று அம்மா சொன்னதும், கேட்காததுபோல நான் சைக்கிளை எடுத்ததும் அப்படியே நினைவு வந்தது. எந்தக் குளிசையின் மேலும் பழி போட முடியாது.

கதிரையை இழுத்து வந்து வாசலில் வைத்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளி ஒரு கிளாஸில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். "துறந்திட்டன் அம்மா," என்று சொன்னேன். அந்தக் கனிந்த குரல் வரவில்லை, என்னுடைய குரல்தான் வந்தது. மறுமொழிக்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பொறுத்து நின்றேன். இந்த முறை நான் முழித்திருந்தேன்.